நர்சுக்கும் துண்டுச் சீட்டா?

“லண்டனில் நர்ஸ் வேலை! மாதம் மூன்று லட்சம்! இன்றே வாருங்கள்!” தாலுகா ஊர்களின் பஸ் நிலையச் சுவர்களில் இந்த நோட்டீஸ்தான் ஒட்டியிருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் குவைத் என்று போட்டிருந்தார்கள். இப்போது லண்டன், டப்ளின், பெர்லின். ஊர்ப் பெயர் மாறியிருக்கிறது. ஒட்டுகிற ஆள் மாறவில்லை.

இதைப் பற்றி இரண்டு வகைக் கனவான்கள் பேசுகிறார்கள். ஒருவர் மேடையேறி, “நமது நர்சுகள் உலகுக்கே சேவை செய்கிறார்கள், அன்னியச் செலாவணி குவிகிறது” என்று மார்தட்டுகிறார். இன்னொருவர் சாய்வு நாற்காலியில் இருந்தபடி, “ஜனங்களின் வரிப் பணத்தில் படித்துவிட்டு வெள்ளைக்காரனுக்கு ஊழியம் செய்ய ஓடுகிறார்களே, தேசபக்தி வேண்டாமா?” என்று பல்லைக் கடிக்கிறார். இருவரும் கூலியைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. ஆகவே நாம் கூலியைப் பற்றிப் பேசுவோம்.

2015ல் தமிழக சர்க்கார் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கான நர்சுகளை எடுத்தது. சம்பளம் எவ்வளவு? 7,700 ரூபாய் தொகுப்பூதியம். பஞ்சப்படி கிடையாது. இரண்டு வருஷம் கழித்து நிரந்தரம் என்றார்கள். வருஷம் இரண்டு கழிந்தது, நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பரில் அந்தப் பெண்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டு உட்கார்ந்தார்கள். பஞ்சாலைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பக்கத்துத் தறியில் நிற்கிற நிரந்தரத் தொழிலாளி செய்கிற அதே வேலையைச் செய்து, அவன் கூலியில் பாதியும் காணாமல் வீடு திரும்புகிற பதிலித் தொழிலாளியின் கதை இது. கொரோனா காலத்தில் உயிரைப் பணயம் வைத்து வார்டில் நின்ற 2,000க்கு மேற்பட்ட ஒப்பந்த நர்சுகளை 2022 டிசம்பர் 31ந் தேதியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். கைதட்டியது போதும், போய் வா என்றார்கள்!

தனியார் ஆஸ்பத்திரிகளின் லட்சணம் என்ன? 2016ல் சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவின்பேரில் மத்திய சர்க்கார் ஒரு கமிட்டி போட்டது. 50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியில்கூட நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் இருந்தால் சர்க்கார் நர்சுக்குச் சமமாகக் கொடு என்று அது சிபாரிசு செய்தது. உங்கள் ஊர் நர்சிங் ஹோமில் ராத்திரி ஷிப்டு பார்க்கிற பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். அப்படி ஒரு கமிட்டி இருந்ததையே அவள் கேள்விப்பட்டிருக்க மாட்டாள். சிபாரிசு காகிதத்தில் இருக்கிறது. சர்ட்டிபிகேட் முதலாளியின் பீரோவில் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஏஜண்டு வருகிறான். விவசாயத் தொழிலாளியின் மகள் அவள். படிப்புக்கே கடன். பாஷைப் பரீட்சைக்கும், விசாவுக்கும், ஏஜண்டுக்கும் மேலும் கடன். மூன்று லட்சம் என்று ஏஜண்டு கணக்குப் போடுகிறானே, பவுண்டை ரூபாயாகப் பெருக்குகிறான். அங்கே வீட்டு வாடகையும் பவுண்டில்தான் என்பதை மட்டும் சொல்ல மறந்து விடுகிறான்.

இவர்கள் எவ்வளவு கொள்ளையடிப்பார்கள்? 2015ல் கொச்சியில் சி.பி.ஐ. போட்ட வழக்கைப் பாருங்கள். குவைத்துக்கு நர்சுகளை அனுப்பச் சட்டம் அனுமதித்த கட்டணம் 19,500 ரூபாய். ஒவ்வொருவரிடமும் வாங்கியதோ 19,50,000 ரூபாய் என்பது குற்றச்சாட்டு. இரண்டே இரண்டு சைபர்தான் வித்தியாசம்! அந்த இரண்டு சைபருக்குள் எத்தனை குடும்பங்களின் காணி நிலமும் தாலியும் போயிருக்கும்?

கடன் என்ன செய்யும் என்பதை 2014 ஜூன், ஜூலை மாதங்களில் உலகமே பார்த்தது. இராக்கில் திக்ரித் நகரத்து ஆஸ்பத்திரியில் 46 இந்திய நர்சுகள், பெரும்பாலும் கேரளத்துப் பெண்கள், சிக்கிக் கொண்டார்கள். வெளியே ஐ.எஸ். கும்பலின் துப்பாக்கிகள், மேலே குண்டுகள். மாதக் கணக்கில் சம்பளமும் வரவில்லை. அப்படியும் ஊர் திரும்பச் சிலர் தயங்கினார்கள். வெறுங்கையோடு போனால் வாங்கிய கடனுக்கு என்ன பதில் சொல்வது என்று அவர்கள் கலங்கினார்கள். துப்பாக்கியைவிட வட்டிக்காரனுக்கு அதிகம் அஞ்ச வேண்டிய நிலை! அவர்கள் உயிரோடு கொச்சி வந்து சேர்ந்தார்கள். கடன் அவர்களுக்கு முன்பே அங்கே காத்திருந்தது.

நமது பாட்டன்மார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கதையை நாம் மறந்து விடவில்லை. கங்காணி முன்பணம் கொடுத்து அழைத்துப் போவான். கூலிக்காரன் வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால், அவன் தலைமேல் உள்ள கடன் எவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதிய துரை அந்தக் கடனைக் கட்டினால் ஆள் கைமாறுவான். மனிதனை விற்கவில்லை, கடனைத்தான் விற்கிறோம் என்று துரைமார் சொல்லிக் கொண்டார்கள். 1921ல் சட்டம் போட்டு அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

ஒழிந்து விட்டதா? இன்று பிரிட்டனில் பல ஆஸ்பத்திரிகளும் முதியோர் விடுதிகளும் வெளிநாட்டு நர்சுகளிடம் வாங்கும் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். குறித்த காலத்துக்கு முன் வேலையை விட்டால், அழைத்து வந்த செலவு என்று ஆயிரக்கணக்கான பவுண்டு திருப்பிக் கட்ட வேண்டும். விசாவும் அந்த முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. ஏசினாலும் வாய் திறக்க முடியாது, ஓவர்டைம் என்றாலும் மறுக்க முடியாது. இதற்குத் துண்டு என்று பெயர் வைக்காமல் ‘ஷரத்து’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உண்மையில் கடன்பட்டிருப்பது யார்? பிரிட்டிஷ் தேசிய சுகாதார சர்வீஸ் 1948ல் பிறந்தது. அது தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்ற நல்ல ஏற்பாடு. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் வார்டுகளை யாரை வைத்து நடத்தினார்கள்? இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் படித்த டாக்டர்களையும் மேற்கிந்தியத் தீவு நர்சுகளையும் வைத்து. 1960 முதல் 1963 வரை, அப்படி ஆள் வந்து கொண்டிருந்தபோது, சுகாதார மந்திரியாக இருந்தவர் ஈனாக் பவல். அதே பவல்தான் 1968 ஏப்ரலில் பர்மிங்காமில் நின்று, வந்தேறிகளால் நாடு அழியும் என்று விஷம் கக்கினார். நாற்றங்கால் நம்முடையது, நடவு அவன் வயலில், அறுவடை அவன் களத்தில். நாற்று விட்ட கூலி ஒரு காசு நமக்குக் கிடையாது.

2020 மேயில் நடந்த கேவலத்தையும் கேளுங்கள். வரி கட்டி, இன்சூரன்ஸ் கட்டி, கொரோனா வார்டில் நிற்கிற வெளிநாட்டு நர்ஸ், அதே ஆஸ்பத்திரியைப் பயன்படுத்துவதற்காகக் குடும்பத்தில் தலைக்கு வருஷம் 400 பவுண்டு தனியாகக் கட்ட வேண்டும் என்றிருந்தது! பிரதம மந்திரி ஜான்சன் ஒருநாள் பார்லிமெண்டில் அதை நியாயப்படுத்தினார். எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே பின்வாங்கினார். அதற்கு முந்திய மாதம், அந்நாட்டில் நோய்க்குப் பலியான முதல் பத்து டாக்டர்களும் வெள்ளையர் அல்லாதவர்கள். 2024 ஆகஸ்டில் சண்டர்லாந்தில் வேலைக்குப் போய்க் கொண்டிருந்த பிலிப்பைன் நர்சுகளின் டாக்சியை இனவெறிக் கும்பல் கல்லால் அடித்தது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2010ல் ஒரு விதித்தொகுப்பு போட்டது. நர்சும் டாக்டரும் பற்றாக்குறையாக உள்ள ஏழை நாடுகளில் ஆள் பிடிக்காதே என்கிறது அது. நல்ல வார்த்தை. ஆனால் இஷ்டமிருந்தால் அனுசரிக்கலாம். நரியிடம் கோழியைப் பற்றிப் புத்திமதி சொன்ன கதைதான்!

அப்படியானால் போகாதே என்று தடுப்பதா? கூடாது. பண்ணையாளை மிராசுதார் கட்டி வைத்ததை எதிர்த்தவர்கள் நாம். நர்சின் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கச் சொல்ல மாட்டோம். போகிற பெண் கடனில்லாமல் போகட்டும். இருக்கிற பெண் கௌரவமான கூலியோடு இருக்கட்டும். சம வேலைக்குச் சம ஊதியம், காலி இடங்களில் நிரந்தர நியமனம், கிராம ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரியிலும் நர்ஸ். இந்தக் கோரிக்கைகள் அவளுடையவை மட்டுமல்ல. பாம்பு கடித்தவனைத் தூக்கிக் கொண்டு நடுராத்திரியில் ஓடுகிற நம்முடையவையும்தான்.

நடக்காது என்கிறவர்கள் கேரளத்தைப் பார்க்கட்டும். 2011 முதல் அங்கே தனியார் ஆஸ்பத்திரி நர்சுகள் சங்கம் வைத்து, வேலை நிறுத்தம் செய்து, 2018 ஏப்ரலில் 20,000 ரூபாய் குறைந்தபட்சக் கூலிக்கு உத்தரவு வாங்கினார்கள். பிரிட்டனிலும் 2022 டிசம்பர் 15ந் தேதி ஆயிரக்கணக்கான நர்சுகள் கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்து வீதிக்கு வந்தார்கள்.

இப்போதைக்கு ஒரு காரியம். உங்கள் தெருவுக்கு ஏஜண்டு வந்தால், அவனுடைய லைசென்ஸ் நம்பரைக் கேளுங்கள். இந்தியச் சட்டப்படி அவன் வாங்கக் கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மேல் வரியும்தான். பிரிட்டிஷ் சர்க்காரின் விதியோ வேலை தேடுகிறவரிடம் கட்டணமே வாங்கக் கூடாது என்கிறது. தமிழக சர்க்காரின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் விசாரியுங்கள். அசல் சர்ட்டிபிகேட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். ஒப்பந்தக் காகிதத்தைச் சங்க ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். திருப்பிக் கட்டும் ஷரத்து எத்தனை பவுண்டு, எத்தனை மாதம் என்று வரி வரியாகப் படித்துச் சொல்லத் தோழர்கள் இருக்கிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு கொண்டு வாருங்கள்.