கழுத்துத் தேய்மானம்: கலங்க வேண்டாம், கவனம் போதும்



நம் இதழுக்கு வரும் மருத்துவக் கேள்விகளில் கழுத்து வலிக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. 'எக்ஸ்ரே எடுத்தேன், கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது என்கிறார்கள். இனி குனியக் கூடாதா? தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாதா? ஆபரேஷன் வரைக்கும் போய்விடுமா?' என்று கேட்கிறார்கள். பல கடிதங்களில் வலியைவிட அந்த ரிப்போர்ட் கிளப்பிவிட்ட பயம்தான் பெரிதாகத் தெரிகிறது. அதனால் இம்மாதம் இந்தப் பக்கம் கழுத்துக்கு.

சுமார் ஐந்து கிலோ எடையுள்ள தலையை ஏழு சிறு எலும்புகள் தாங்குகின்றன. உச்சியில் உள்ள இரண்டுக்கும் நடுவே டிஸ்க் கிடையாது. தலையை இடமும் வலமும் திருப்புகிறோமே, அந்த அசைவில் ஏறக்குறையப் பாதி அந்த இடத்தில்தான் நடக்கிறது. அதற்குக் கீழே அடுத்தடுத்த இரு எலும்புகளுக்கு நடுவே நீர்ச்சத்து மிகுந்த ஒரு டிஸ்க் இருக்கிறது. வயது ஏற ஏற அந்த நீர் வற்றி, டிஸ்க் தட்டையாகிறது. அதன் உயரம் குறையும்போது பின்பக்கத்துச் சிறு மூட்டுகளின் மேல் பாரம் கூடுகிறது. அங்குள்ள குருத்தெலும்பு தேய்கிறது. எலும்பின் ஓரங்களில் முள் முளைக்கிறது. ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது எலும்புகளுக்கு இடையில் இது அதிகம். டாக்டர் சீட்டில் 'சர்விகல் ஸ்பாண்டிலோசிஸ்' என்று எழுதுவது இதைத்தான்.

அறுபதைத் தாண்டிய பெரும்பாலானவர்களின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் இந்த மாற்றங்கள் தெரியும். அவர்களில் பலருக்கு வலியே இருக்காது. படத்தில் முள்ளும் தேய்வுமாகத் தெரிகிற கழுத்து ஒருவரை நிம்மதியாகத் தூங்கவிடும். படத்தில் சுத்தமாக இருக்கிற கழுத்து இன்னொருவரைப் படாதபாடு படுத்தும். எனவே ரிப்போர்ட்டில் உள்ள நான்கு வரியை வைத்து உங்கள் எதிர்காலத்தை நீங்களே எழுதிக்கொள்ளாதீர்கள். கை மரத்துப் போகாமல், பலம் குறையாமல் வெறும் கழுத்து வலி மட்டும் இருந்தால், எடுத்த எடுப்பில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவைப்படுவதும் இல்லை.

தொழிலுக்கும் இதில் பங்கு உண்டு. தலையில் சுமை தூக்குபவர்களின் கழுத்தில் தேய்வு கூடுதலாக இருப்பதை ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செல்போனைப் பற்றியும் பேச்சு நிறைய. தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் ஏறும் விசை சுமார் 27 கிலோவுக்குச் சமம் என்று அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் கணக்கிட்டுச் சொன்னார். அதற்காகக் குனிவதையே விட்டுவிட முடியாது. தையல் மெஷினில் இருப்பவரும் பூக்கட்டுபவரும் விடைத்தாள் திருத்தும் ஆசிரியரும் குனியாமல் எப்படி? மணிக்கணக்காக ஒரே நிலையில் இருப்பதுதான் கழுத்துக்கு ஆகாது. அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து, தோளைச் சுழற்றி, நாலடி நடந்துவிட்டு உட்காருங்கள்.

வலி வந்தவுடன் படுத்துக்கொள்வது நம் வழக்கம். ஓரிரு நாள் ஓய்வு சரி. அதற்குமேல் அசையாத கழுத்து இறுகித்தான் போகும். வெந்நீர் ஒத்தடம் பதினைந்து நிமிடம் கொடுத்துவிட்டு மெதுவாக அசைக்கத் தொடங்குங்கள். நேராகப் பார்த்தபடி தாடையைப் பின்னோக்கி இழுத்து, ஐந்து எண்ணி விடுங்கள்; பத்து முறை போதும். பிறகு உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் கையைத் தள்ளுங்கள், ஆனால் கழுத்து அசையக் கூடாது. இதையே இரு பக்கமும் பின்னந்தலையிலும் செய்யலாம். கையில் மதமதப்பு கூடினால் நிறுத்திவிட்டு, பிசியோதெரபிஸ்டிடம் காட்டிக் கற்றுக்கொள்ளுங்கள். குப்புறப் படுக்க வேண்டாம். தலையும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கும்படி ஒரு தலையணை போதும்.

வலி மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி வாரக்கணக்கில் விழுங்கினால், அவற்றில் பல வயிற்றில் புண்ணையும் சிறுநீரகக் கோளாறையும் கொண்டுவரும். இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். கழுத்துப் பட்டையும் அப்படித்தான். வலி கடுமையாக உள்ள சில நாட்களுக்கு உதவும். மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டால் தசைகள் பலமிழக்கும். சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தைப் படக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பதற்குக் கண்டிப்பாகத் தலையைக் கொடுக்காதீர்கள். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனி கழுத்தெலும்பின் துவாரங்கள் வழியாகத்தான் ஏறுகிறது; அது கிழிந்தால் பக்கவாதம் வரலாம். படுக்கையில் புரளும்போது தலை சுற்றினால் அதையும் கழுத்தின் தலையில் கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அதற்குக் காரணம் உள்காதில் இருக்கும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனால் எளிதில் தீரும்.

சிலருக்கு டிஸ்க்கோ எலும்பு முள்ளோ நரம்பின் வேரை அழுத்தும். வலி தோளிலிருந்து கைக்கு இறங்கும். கட்டைவிரல் மரத்தால் ஆறாவது கழுத்து நரம்பு, நடுவிரல் மரத்தால் ஏழாவது என்று மருத்துவர் ஓரளவு ஊகித்துவிடுவார். இதுவும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில், அல்லது சில மாதங்களில், கத்தி வைக்காமலே தணிந்துவிடுகிறது. ஆனால் இடது கை வலியோடு நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் கழுத்தை மறந்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். காய்ச்சல், எடை குறைவு, இரவில் கூடும் வலி என்றால் எலும்புக் காசநோயா என்று பார்த்தாக வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, தண்டுவடமே நசுங்குவது. கழுத்துத் தேய்வால் இப்படியும் நேரும் என்பதை பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் ரஸ்ஸல் பிரெய்னும் அவருடைய சகாக்களும் 1952இல் விரிவாக எழுதினார்கள். இதில் வலி அதிகம் இல்லாமலும் இருக்கலாம், அதனால்தான் தவறிப்போகிறது. சட்டைப் பொத்தான் போட வராது, கையெழுத்து கோணும், சோற்றைப் பிசையும் விரல்கள் சொன்னபடி கேட்காது, நடை தள்ளாடும், சிறுநீரை அடக்குவது கடினமாகும். இங்கே அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அது முதன்மையாக மேலும் மோசமாகாமல் தடுக்கத்தான். இழந்தது முழுதாகத் திரும்பும் என்ற உறுதி இல்லை. அதனால் தாமதம் கூடாது.

உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது பொத்தானோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தால், 'வயசாச்சு, அப்படித்தான்' என்று கடந்துபோய்விடாதீர்கள். அந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மற்ற கழுத்து வலிக்காரர்கள் ரிப்போர்ட்டை அலமாரியில் வைத்துவிட்டு, இன்றைக்கே பயிற்சியைத் தொடங்குங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்