அம்மா கேட்ட ராணி கலர்

30 வருஷமா வாடகை வீடு. ஹவுஸ் ஓனர் அடிச்ச வெள்ளைதான் வெள்ளை. ஆணி அடிக்கக்கூட அவர்கிட்ட பர்மிஷன் வாங்கணும். போன வருஷம் பேங்க் லோன் புண்ணியத்துல சொந்தமா ஒரு ஃப்ளாட் அமைஞ்சது. ரொம்பப் பெருந்தன்மையா ஷேட் கார்டை அம்மா கையில குடுத்து, "உன் ரூமுக்கு எந்தக் கலர் வேணும், சொல்லும்மா" என்றேன்.

எப்படியும் சந்தனக் கலரைத்தான் காட்டுவாங்க என்ற தைரியம். அம்மா கண்ணாடியை மாட்டிக்கிட்டு, பத்து நிமிஷம் புரட்டி, ஒரு கட்டத்துல விரலை வெச்சாங்க. ராணி கலர்! பட்டுப் பாவாடையில பார்த்திருப்பீங்களே, அந்தப் பளீர் ரோஸ்.

"ஏம்மா, இது ரூமா, பஞ்சு மிட்டாய் வண்டியா?"

"சரிடா, உன் இஷ்டம்" என்று கார்டை மடிச்சுக் குடுத்துட்டாங்க. 'உன் இஷ்டம்' என்பதற்கு என்ன அர்த்தம்னு குடும்பஸ்தர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ராத்திரி மனைவி ஆரம்பிச்சா. "மாமா போய் 15 வருஷமாச்சு. அத்தை அந்தக் கலர்ல ஒரு புடவை கட்டி நீங்க பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. அதைவிட மோசம், அதை நான் கவனிச்சதே இல்லை.

ஆனாலும் பி.காம். மூளை சும்மா இருக்குமா? "அமெரிக்காவுல, சியாட்டில் கடற்படைச் சிறையில 1979-ல கைதிங்க சாந்தமாகட்டும்னு ரோஸ் பெயின்ட் அடிச்சாங்க. இது ஜெயில் கலர்" என்றேன்.

அவ அசரலை. "1876-ல இங்கிலாந்து இளவரசர் வர்றார்னு ஜெய்ப்பூர்ல ஊருக்கே ரோஸ் அடிச்சாங்க. பெத்த அம்மாவுக்கு ஒரு ரூம் அடிக்கக் கூடாதா?"

வழக்கு தள்ளுபடி!

பெயின்டர்தான் பாடம் நடத்தினார். "கார்டுல இருக்கறது தபால் தலை சைஸ் சார். உங்க செவுரு ஒவ்வொண்ணும் 100 சதுர அடி. நாலு பக்கமும் அடிச்சா, ஒண்ணோட கலர் இன்னொண்ணு மேல பட்டு இன்னும் தூக்கலாத் தெரியும். கட்டில் தலைமாட்டுக்கு மட்டும் ராணி. மத்த மூணுக்கும் சீலிங்குக்கும் வெள்ளை."

முதல்ல இரண்டடிக்கு இரண்டடி மட்டும் அடிச்சுக் காட்டினார். காலை வெயில்ல தாமரை. டியூப்லைட்ல லேசா கத்தரிப்பூ. மஞ்ச பல்பு போட்டா செம்பருத்தி. ஒரே பெயின்ட், மூணு வேஷம்! அம்மா மூணு வேளையும் வந்து பார்த்துட்டு, ஒண்ணும் பேசாம தலையை மட்டும் ஆட்டினாங்க.

பட்டி, பிரைமர், இரண்டு கோட்டிங் எல்லாம் முடிஞ்சுது. சுவிட்சர்லாந்து சிறையில இதே ரோஸை வெச்சு ஆராய்ச்சி பண்ணி, கைதிகளோட கோபம் ஒண்ணும் குறையலைன்னு 2015-ல எழுதியிருக்காங்க. எங்க வீட்டு ரிசல்ட்டும் அதேதான். ஃபேனை அணைக்காம வெளியே வந்தா அம்மா விடற டோஸ் துளிகூடக் குறையலை.

போன வாரம் மனைவி ஒரு காட்டன் புடவை வாங்கிட்டு வந்தா. அதே ராணி கலர்.

"எனக்கு எதுக்கும்மா இந்த வயசுல?" என்றாங்க அம்மா.

"செவுத்துக்கு மேட்சா இருக்கும் அத்தை."

மறுபடி அவங்க மறுக்கலை. மறுநாள் காலையில கட்டிக்கிட்டு, கட்டில்ல உட்கார்ந்து பேப்பர் படிச்சாங்க.

ஒரே ஒரு பிரச்னைதான் சார். அந்தச் சுவருக்கு முன்னாடி அம்மா எங்கே இருக்காங்கன்னு தேட வேண்டியிருக்கு!