ஒற்றை பேட்டரியில் ஒயர் இழுக்காதீர்கள்

களியக்காவிளை தாண்டி பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் போகும் கனரக லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட் வண்டிகள். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். பாட்டுப்பெட்டிக்கோ கேமராவுக்கோ 12 வோல்ட் வேண்டுமென்றால், ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுத்துவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. உடனே பாட்டு கேட்கும். கேடும் அங்கேயே தொடங்கிவிடும். அந்த ஒரு பேட்டரி மட்டும் தொடர்ந்து வடியும். ஆல்டர்னேட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 28 வோல்ட் அனுப்பும். வடிந்தது 14 வோல்ட்டை எட்டாமல் அரைகுறையாக நிற்க, மற்றது தன் பங்குக்கு மேல் வாங்கிச் சூடாகித் தண்ணீர் வற்றும். நாளடைவில் இரண்டுமே பாழ். நடுவழியில், அதுவும் மழை இரவில், வண்டி கிளம்பாமல் நிற்கும்போது அவதிப்படுவது ஓட்டுநர்தான்.

இதற்குத் தீர்வு, 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர். அது புது பேட்டரி ஜோடியைவிட எவ்வளவோ மலிவு. சாதனங்கள் இழுக்கும் மொத்த ஆம்பியரைவிடக் கூடுதலாகத் தாங்குவதாகப் பாருங்கள். பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் போடுங்கள். லாரி உரிமையாளர்களே, இந்தச் செலவை ஓட்டுநரின் பேட்டாவில் ஏற்றாமல் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.