வீடு தேடி வரும் விலைக் கடிதம்

ராயகிரியிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கம் எழுதி, கூடவே தங்கள் வீட்டுக்கு வந்த கடிதம் ஒன்றையும் வைத்து அனுப்பியிருக்கிறார். வந்தது அச்சடித்த தாள். ‘தங்கள் பகுதியில் நிலம் வாங்க எங்களிடம் ஆள் தயார். உடனடிப் பணம். வில்லங்கம் இருந்தாலும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். பதினைந்து நாட்களுக்குள் தொடர்பு கொள்ளவும்’ என்று இருக்கிறது. அம்மாவின் பெயரை மட்டும் மேலே பேனாவால் எழுதியிருக்கிறார்கள்.

சகோதரி கேட்கிறார்: “அக்கா, அப்பா தவறி ரெண்டு வருஷம் ஆகுது. கிணத்தோட ஒண்ணேகால் ஏக்கர். தம்பி திருப்பூர்ல இருக்கான், குடுத்துருவோம்னு ஒத்தக்கால்ல நிக்கான். அம்மாவுக்கு மனசில்ல. எங்க அம்மா பேரு அவுகளுக்கு எப்படித் தெரிஞ்சுது? இது மூணாவது கடுதாசி. பதில் போடாட்டா ஏதும் ஆயிருமா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒன்றும் ஆகாது. பதினைந்து நாள் கெடு என்பது அவர்களாகப் போட்டது. வக்கீல் நோட்டீசும் இல்லை, சர்க்கார் ஓலையும் இல்லை. அம்மாவை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள்.

பெயர் தெரிந்தது பெரிய மாயமில்லை. சர்வே எண் கிடைத்தால் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை இன்று அரசின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். மிச்சத்தை ஊருக்குள் இருக்கும் தரகர் சொல்லிவிடுவார். எந்த வீட்டில் ஆம்பளை போய்விட்டார், யார் பிள்ளைகள் வெளியூரில், எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, யாருக்குப் பெண் கல்யாணம் நெருங்குகிறது என்று டீக்கடை பெஞ்சில் தெரியாத சங்கதி உண்டா? நிலத்தை யார் விற்க நினைப்பார்கள் என்பதைவிட, யாருக்கு இப்போது கை தளர்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் பட்டியல் போடுகிறார்கள். எனக்கு இதில் பிடிக்காத இடம் இதுதான்.

மூன்றாவது கடிதத்துக்கும் காரணம் உண்டு. நூறு பேருக்குப் போட்டு ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பேசினாலே, ஒரு கிரயத்தில் தபால் செலவெல்லாம் வந்துவிடும். முதல் கடிதம் அடுப்புக்குப் போகும் என்று அவர்களுக்கே தெரியும். மருத்துவச் செலவோ பள்ளிக் கட்டணமோ வந்து நிற்கிற மாதத்தில் நாலாவது கடிதம் கையில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவில் இது பெரிய தொழில். கையால் எழுதியது போலவே அச்சடித்து அனுப்புகிறார்கள். அங்கே நியூயார்க் மாநிலத்தில், இந்தத் தொந்தரவு மிஞ்சிய சில வட்டாரங்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ‘என்னிடம் வந்து கேட்காதே’ என்று வீட்டுக்காரர் பெயர் பதிந்துவிட்டால், தரகர் கடிதமோ போனோ செய்யக் கூடாது. செய்தால் நடவடிக்கை. நமக்கு அப்படிப் பட்டியல் இல்லை, அடுப்புதான்.

கடிதம் போடுவது குற்றமில்லை, எல்லாரும் மோசக்காரர்களும் இல்லை. நியாயமான விலை கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். வாங்க வருகிறவர் கிரயம் கேட்கிறாரா, வேறு ஏதாவது கேட்கிறாரா என்பதை வைத்துத்தான் ஆளை எடைபோட வேண்டும்.

‘பவர் மட்டும் எழுதிக் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்றால் அங்கேயே நில்லுங்கள். பவர் பத்திரத்தால் சொத்து கைமாறிவிடாது என்று சுப்ரீம் கோர்ட் 2011 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. ஆனால் விற்கும் அதிகாரத்தோடு கொடுத்த பவரை வைத்துக்கொண்டு உங்கள் சார்பில் இன்னொருவருக்குக் கிரயம் செய்ய முடியும். அந்தப் பணம் எந்தக் கைக்குப் போகும் என்பது அவர் நாணயத்தைப் பொறுத்தது.

இன்னொன்று அட்வான்ஸ். ‘பத்தாயிரம் வைத்துக்கொள்ளுங்கள், பதினோரு மாதத்தில் முடித்துவிடலாம்’ என்று ஒப்பந்தம் போடுவார்கள். பல சமயம் அவர்களிடம் வாங்குகிற பணமே இருக்காது. அந்த ஒப்பந்தத்தைக் காட்டி அதிக விலைக்கு ஆள் பிடிப்பதுதான் வேலை. ஆள் கிடைத்தால் லாபம் அவர்களுக்கு; கிடைக்காவிட்டால் கட்டுண்டு கிடப்பது உங்கள் நிலம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டும். பதிவு செய்தால் வில்லங்கத்தில் ஏறும்; ரத்து செய்வதென்றால் பொதுவாக இரண்டு தரப்பும் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். ஒப்பந்தத்தில் தேதி குறித்திருந்தால், அந்தத் தேதியிலிருந்து மூன்று வருஷம் வரை அவர்கள் கோர்ட்டுக்குப் போகலாம். பத்தாயிரம் ரூபாய்க்கு நாலு வருஷம் நிலத்தை அடகு வைத்த மாதிரி ஆகிவிடும்.

அட்வான்ஸ் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் ரொக்கமாக வாங்காதீர்கள். 2015 ஜூன் முதல் அதற்குத் தடை இருக்கிறது. அபராதம் கொடுத்தவருக்கு இல்லை, வாங்கியவருக்கு. இரண்டு பக்கமும் விவசாய வருமானம் மட்டுமே உள்ளவர்கள் என்றால் விலக்கு உண்டு. கடிதம் அச்சடித்து அனுப்புகிற கம்பெனிக்கு அந்த விலக்கு எங்கே வரப்போகிறது? பாங்கு வழியாகவே வரட்டும்.

இனி ராயகிரி சகோதரியின் வீட்டு விஷயம். அப்பா உயில் எழுதாமல் தவறியிருக்கிறார். நிலம் அவருடைய சொந்த சம்பாத்தியம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தம்பி மூவருக்கும் சமபங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி அப்போது இருந்திருந்தால் அவருக்கும் ஒன்று. பட்டாவை அம்மா பெயருக்கு மாற்றியிருக்கலாம்; அதனால் மட்டும் முழு நிலமும் அம்மாவுடையது ஆகிவிடாது, தம்பியுடையதும் ஆகிவிடாது. உங்கள் கையெழுத்து இல்லாமல் உங்கள் பங்கு போகாது. (பூர்வீகச் சொத்து வைத்திருக்கும் மற்ற சகோதரிகளுக்கு: மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்கும் 2005-லும் சட்டம் வந்தது. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்த்துவிட்டது.)

அதனால் தம்பியோடு சண்டைக்கு நிற்காதீர்கள். அவனுக்கு என்ன அவசரம் என்று முதலில் கேளுங்கள். கடன் இருந்தால் அது நிலத்தை விற்காமலே தீரக்கூடிய கடனா என்று மூன்று பேரும் உட்கார்ந்து பாருங்கள். வாரிசுச் சான்று வாங்கவில்லை என்றால் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். விற்கிறதோ இல்லையோ, அது கையில் இருக்க வேண்டிய காகிதம். வில்லங்கத்தையும், உங்கள் சர்வே எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பு எவ்வளவு என்பதையும் பதிவுத்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். வழிகாட்டி மதிப்பு முத்திரைத்தாள் கணக்குக்கு வைத்தது, சந்தை விலை வேறாக இருக்கும். பக்கத்துக் காட்டில் சமீபத்தில் என்ன விலைக்குப் போயிற்று என்று விசாரியுங்கள். கிணற்றில் தண்ணீர் உள்ள நிலத்துக்கும் மானாவாரிக்கும் ஒரே விலை சொல்லுகிறவரிடம் பேச்சையே வளர்க்க வேண்டாம்.

பதில் போடத்தான் வேண்டும் என்று தோன்றினால், ‘நிலம் விற்பனைக்கு இல்லை. மேற்கொண்டு எழுத வேண்டாம்’ என்று ஒரு கார்டு போதும். வாரிசுகள் எத்தனை பேர், கடன் உண்டா, பத்திரம் யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் எழுதாதீர்கள். ஆதார் நகல், பத்திர நகல் கேட்டாலும் அனுப்பவே கூடாது.

இதே வழியை நாமும் கையாளலாம் என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்து வீடு வருஷக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது, சொந்தக்காரர் பம்பாயில் இருக்கிறார், தரகர் இல்லாமல் வாங்கினால் தேவலை என்று நினைக்கிற சகோதரிகள் பலர். தாராளமாகக் கடிதம் எழுதுங்கள். அச்சடித்தது வேண்டாம், கையாலேயே எழுதுங்கள். நீங்கள் யார், இன்னார் மகள், எந்த வீடு, எதற்காக வேண்டும் என்று முதல் நாலு வரியில் சொல்லிவிடுங்கள். ‘ஓடு சரிந்து மழைத்தண்ணீர் இறங்குகிறது, அம்மா, பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று உள்ள நிலைமையையும் எழுதுங்கள். அதைச் சொல்லி விலையைக் குறைக்கப் பார்க்காதீர்கள். விற்கும் எண்ணம் இல்லையென்றால் வருத்தமில்லை என்று ஒரு வரி அவசியம். கெடு வைக்காதீர்கள். ஒரு முறை எழுதி, பதில் இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து இன்னொன்று. அதோடு விட்டுவிடுங்கள்.

வாங்குவதானால் உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரை பெண் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவிகிதம் குறைத்து 2025 ஏப்ரல் முதல் அரசு சலுகை கொடுத்திருக்கிறது. எட்டு லட்சத்து வீட்டுக்கு எட்டாயிரம் மிச்சம். ஓடு மாற்றுகிற கூலியில் ஒரு பங்காவது தேறும்.

வாரிசுச் சான்றுக்கு என்னென்ன காகிதம் எடுத்துப் போக வேண்டும் என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.