அடுத்தவர் செல்போன்

சகோதரிகளே, பிள்ளைகள் ஆடும் வீடியோ விளையாட்டு என்றாலே சுடுவதும் கார் ஓட்டுவதும்தான் என்று நினைக்கிறோமல்லவா? கங்கைகொண்ட சோழபுரத்தில் என் அக்கா மகன் ஆடிக்கொண்டிருந்தது வேறு ரகம். “என்னடா தம்பி, சண்டையே காணோமே?” என்றேன். “இது துப்பறியற விளையாட்டு சித்தி. யாரோ ஒருத்தன் போன் நம்ம கையில இருக்கு. அதை நோண்டி அவன் தீவிரவாதின்னு காட்டணும். அரசாங்கம் மிரட்டுது!” என்றான்.

‘ரெப்ளிகா’ என்று பெயர். 2016-ல் தென்கொரியாக்காரர் ஒருவர் செய்தது. பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை எதிர்த்து அந்நாட்டு எதிர்க்கட்சியினர் 190 மணி நேரத்துக்கும் மேலாக மாற்றி மாற்றிப் பேசிய வருஷம் அது. (ஆனாலும் சட்டம் நிறைவேறிவிட்டது.) விளையாட்டில் ரத்தமில்லை, பேயில்லை. ஆனாலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. சந்தேகக் கண்ணோடு பார்த்தால் சிநேகிதனுக்கு அனுப்பிய கேலிப் பேச்சுகூடக் குற்றமாகத் தெரிகிறதே!

நம் நாட்டிலும் இது பழைய கதைதான். போன் ஒட்டுக்கேட்ட விவகாரத்தில் 1988-ல் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவியையே விட்டார். 1885-ம் வருஷத்து தந்திச் சட்டத்தை வைத்துக்கொண்டு இஷ்டத்துக்குக் கேட்கக் கூடாது, உள்துறைச் செயலாளர் உத்தரவு வேண்டும், அதுவும் இரண்டு மாதத்துக்குத்தான், நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதம் தாண்டக்கூடாது என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் கட்டுப்பாடு போட்டது. 2025 ஜூலையில் நம் சென்னை உயர்நீதிமன்றமும், 2011-ல் ஒருவருடைய போனைக் கேட்கப் பிறப்பித்த உத்தரவை ரத்து செய்தது. பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ சம்பந்தப்படாமல் ஒட்டுக்கேட்பது அந்தரங்க உரிமையை மீறுவது என்றது.

“அரசாங்கம் என் போனை எதுக்குக் கேக்கப் போவுது? நான் பேசறதே சாம்பார்ப் பொடியும் சீட்டுப் பணமும்தான்” என்பீர்கள். சரி. ஆனால் வீட்டுக்குள்ளே?

2024 அக்டோபரில் மதுரைக் கிளைக்கு ஒரு வழக்கு வந்தது. மனைவியின் போன் அழைப்பு விவரங்களை அவளுக்குத் தெரியாமல் எடுத்துக் கணவன் விவாகரத்து கேட்டான். தம்பதிகளுக்குள்ளும் அந்தரங்கம் உண்டு, அதை மீறிக் கிடைத்ததைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றது கோர்ட். மனசுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் 2025 ஜூலையில் வேறொரு வழக்கில், கணவன் ரகசியமாகப் பதிவு செய்த மனைவியின் பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக எடுக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆத்திரத்தில் போனில் கொட்டித் தீர்ப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வயசுப் பெண் தூங்கும்போது அவள் விரலை வைத்துப் போனைத் திறக்கும் தாய்மாரும் உண்டு. அது எனக்குப் பிடிக்கவில்லை. சிறு குழந்தையா, “அம்மா பார்ப்பேன்” என்று சொல்லிவிட்டு நேராகப் பாருங்கள். பதினாறு வயசா, கேளுங்கள். திருட்டுத்தனமாகப் பார்த்தது தெரிந்தால், அப்புறம் அவளுக்கு ஆபத்தென்றால்கூட நம்மிடம் வரமாட்டாள்.

இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் மூன்று புள்ளியைத் தொட்டால் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்று வரும். அதில் உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால், உங்கள் செய்திகளை வேறு யாரோ படிக்கிறார்கள். உடனே வெளியேற்றுங்கள். பூட்டு எண்ணாகப் பிறந்த நாளை வைத்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த எண்ணாயிற்றே அது!