‘சைட் சூப்பர்ண்ணா!’ என்ற பாராட்டை நம்பினால் கால் வராது

பிளம்பிங் வேலை பார்க்கும் ஒருவர், ராத்திரி கண்விழித்து யூடியூப் பார்த்து, தன் தொழிலுக்குத் தானே ஒரு வெப்சைட் கட்டி முடிக்கிறார். லிங்க்கை ஃபேமிலி குரூப்பில் போட்டு, “பார்த்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க” என்கிறார். வரிசையாகக் கட்டைவிரல் எமோஜி வந்து விழுகிறது. “சூப்பர்ண்ணா”, “வேற லெவல் மாமா”. ஒரு மாதம் போகிறது. அந்த சைட்டைப் பார்த்து ஒருத்தர்கூட கூப்பிடவில்லை.

தப்பு எங்கே? சைட்டில் பாதி, கேட்ட கேள்வியில் பாதி. “எப்படி இருக்கு?” என்று சொந்தக்காரரிடம் கேட்டால், முகத்துக்கு நேரே யாரும் “சரியில்லை” என்று சொல்லப்போவதில்லை.

இப்போ ஏன் இதைப் பேசணும்?

கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலோடு இலவசமாகக் கிடைத்த வெப்சைட் வசதியை கூகுள் 2024 மார்ச்சில் மூடிவிட்டது. மேப்பில் கடை விவரம் தொடர்ந்து இருக்கலாம். ஆனால் தனியாக ஒரு சைட் வேண்டுமென்றால், காசு கொடுத்துக் கட்டணும், இல்லையென்றால் தானே கட்டணும். கமிஷன் எடுக்கும் ஆப் வழியாக வேலை பிடித்தால் கூலியில் ஒரு பங்கு போய்விடும். சொந்த சைட் வழியாக வரும் காலில் முழுக் கூலியும் கைக்கு வரும். அதனால்தான் இதில் சும்மா கிடைக்கும் பாராட்டு ஆபத்தானது என்கிறேன்.

கருத்து கேட்காதீங்க, வேலை கொடுங்க

உங்கள் போனை ஒருவர் கையில் கொடுத்து இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “ராத்திரி 9 மணி. மோட்டார் ஓடுது, மேல் தொட்டிக்குத் தண்ணி ஏறல. இந்த சைட்டை வச்சு ஆளைக் கூப்பிடுங்க.” அப்புறம் வாயே திறக்கக்கூடாது. “அங்க இல்ல, கீழ பாருங்க” என்று எடுத்துக்கொடுத்தால் சோதனை அங்கேயே முடிந்தது. நிஜ வாடிக்கையாளர் பக்கத்தில் நீங்கள் நிற்கப்போவதில்லை.

அவர் விரல் தயங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி சைட்களில் வழக்கமாகச் சிக்கும் இடங்கள் இவை:

• போன் நம்பர் பேனர் படத்துக்குள் இருக்கும். தொட்டால் கால் போகாது. நம்பரை எழுத்தாகப் போட்டு, தொட்டதும் டயல் ஆகும்படி லிங்க் கொடுக்கணும். வாட்ஸ்அப் பட்டனும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

• “சென்னை முழுவதும் சேவை” என்று இருக்கும். பல்லாவரத்தில் இருப்பவருக்கு, இவர் வருவாரா என்ற சந்தேகம் தீராது. ஏரியா பெயர்களை எழுதுங்கள்.

• வந்து பார்க்க மட்டும் எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை வருவாரா என்பது எங்கேயும் இருக்காது.

• மஞ்சள் ஹெல்மெட் போட்ட வெளிநாட்டுக்காரர் படம் இருக்கும். நீங்கள் மாட்டிய பைப்லைன், நீங்கள் சரிசெய்த பாத்ரூம் இருக்காது. வீட்டுக்குள் விட வேண்டிய ஆள் யார் என்று தெரிந்தால்தான் நம்பிக்கை வரும்.

யாரிடம் கொடுப்பது?

குடும்பத்தை விடுங்கள். பழைய வாடிக்கையாளர் ஒருவர், அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர், கண்ணாடி இல்லாமல் போன் பார்க்க முடியாத பக்கத்துத் தெரு அம்மா, எல்லாப் புகாரையும் தினமும் கேட்கும் ஹார்டுவேர் கடைக்காரர். இவர்கள்தான் சரியான ஆட்கள். நூறு பேர் தேவையில்லை. வெப்சைட் பயன்பாட்டு ஆய்வில் பெயர் பெற்ற ஜேக்கப் நீல்சன், 5 பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்று 2000-ல் எழுதினார். ஒரே தடவையில் 15 பேரிடம் காட்டுவதைவிட, 5 பேரிடம் காட்டி, திருத்தி, மறுபடி வேறு 5 பேரிடம் காட்டுவது நல்லது என்பதும் அவர் வாதம்.

வைஃபையை ஆஃப் செய்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறக்கச் சொல்லுங்கள். கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் இலவசம். சைட் முகவரியைப் போட்டால் போதும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிந்தால் நல்லது என்பது கூகுளின் அளவுகோல். தாமதமானால், முதலில் போனில் எடுத்து அப்படியே ஏற்றிய பெரிய போட்டோக்களைச் சுருக்குங்கள்.

எல்லாத்தையும் கேட்கணுமா?

வேண்டாம். “இந்தப் பச்சை எனக்குப் பிடிக்கல” என்றால் அது ரசனை. நன்றி சொல்லிவிட்டு நகரலாம். “நம்பர் எங்கன்னே தெரியல” என்றால் அது குறை. அன்றைக்கே திருத்தணும். டிசைன் படித்த நண்பர் அனிமேஷன் சேர்க்கச் சொல்வார். குழாய் உடைந்து தண்ணீர் கொட்டும்போது யாரும் அனிமேஷன் பார்ப்பதில்லை.

கடைசியாக, ஆபீஸில் தினமும் ரிவ்யூ, ஃபீட்பேக் என்று பேசும் நமக்கு ஒன்று. சித்தப்பாவோ, தெரிந்த எலெக்ட்ரீஷியன் அண்ணனோ லிங்க் அனுப்பினால் எமோஜி போட்டுத் தப்பிக்காதீர்கள். இரண்டு நிமிஷம் வாடிக்கையாளராக நினைத்துக்கொண்டு கூப்பிட முயற்சி செய்யுங்கள். எங்கே சிக்கினீர்கள் என்று ஒரு ஸ்க்ரீன்ஷாட்டோடு சொல்லுங்கள். அவருக்குக் கொஞ்சம் முகம் சுருங்கும். ஆனால் அடுத்த கால் வர வழி அதில்தான் இருக்கிறது.