ஆலைக்குள் துப்பாக்கி: தடை அனைவருக்கும் பொதுவாகட்டும்

பொழுது விடியும் முன்பே கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, சூளூர்ப்பேட்டை, சத்தியவேடு வட்டாரங்களிலிருந்து தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீ சிட்டியை நோக்கிப் பேருந்துகள் விரைகின்றன. 2008இல் சித்தூர் மாவட்டத்தில் உருவாகி, 2022 மாவட்டப் பிரிப்புக்குப் பின் திருப்பதி மாவட்டத்தில் அமைந்திருக்கும் இந்தத் தொழில் நகரத்தின் உழைப்பாளர்களில் தமிழும் தெலுங்கும் பேசுவோர் தோளோடு தோள் நிற்கின்றனர். பெண்கள் பெரும் எண்ணிக்கையில் உள்ளனர்.

இந்தியத் தொழிற்பேட்டைகளின் வாயில்களில் தொழிலாளிக்குக் காத்திருப்பது சோதனை. சாப்பாட்டுப் பை திறக்கப்படுகிறது; கைப்பேசி வாங்கி வைக்கப்படுகிறது. "ஆயுதங்களுக்கு அனுமதி இல்லை" என்ற அறிவிப்பும் பல இடங்களில் தொங்குகிறது. அந்த அறிவிப்போடு நமக்குப் பிணக்கு இல்லை. தொழிலகத்திற்குள் துப்பாக்கி கூடாது என்பதே தொழிலாளி வர்க்கத்தின் நிலை. ஆனால் அந்தத் தடை யாரையெல்லாம் கட்டுப்படுத்துகிறது? நடந்து வருபவரின் பையைத் திறக்கும் கை, காரில் வரும் ஒப்பந்ததாரரையும், அரசியல் பிரமுகரின் பின்னால் வரும் 'கன்மேனை'யும் கண்டால் வணக்கம் வைக்குமானால், அது பாதுகாப்பு விதி ஆகாது. ஒரு வர்க்கத்துக்கு மட்டுமான கட்டுப்பாடாகவே இருக்கும்.

பணியிடத்தில் துப்பாக்கி என்பது இந்த மண்ணுக்குப் புதிய அச்சம் அன்று. 2015 நவம்பர் 17 அன்று சித்தூர் மாநகராட்சி அலுவலகத்தில், தமது அறையிலேயே மேயர் கட்டாரி அனுராதா சுட்டுக் கொல்லப்பட்டார். அதே தாக்குதலில் அவருடைய கணவர் மோகனும் வெட்டுண்டு இறந்தார். பட்டப்பகலில், மக்கள் வந்து போகும் அலுவலகத்தில், ஊழியர்கள் பணியில் இருந்தபோது இது நடந்தது. தீர்ப்புக்குப் பத்தாண்டுகள் ஆயின. 2025 அக்டோபரில் ஐவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. தூக்குக் கயிறு தீர்வாகும் என்று நாம் நம்பவில்லை. துப்பாக்கி அந்த அறை வரை எப்படி வந்தது என்ற கேள்விக்கு விடை காண்பதே அடுத்த கொலையைத் தடுக்கும்.

தொழிற்சங்க இயக்கம் இந்தப் பாடத்தை இரத்தம் சிந்திக் கற்றிருக்கிறது. 1989 ஜனவரி 1 அன்று, சாகிபாபாத் தொழிற்பேட்டையை ஒட்டிய ஜண்டாபூரில் தோழர் சஃப்தர் ஹஷ்மியின் வீதி நாடகக் குழு தாக்கப்பட்டபோது, ராம் பகதூர் என்ற தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். படுகாயமுற்ற சஃப்தர் மறுநாள் உயிர்நீத்தார். 1991 செப்டம்பர் 28 அன்று பிலாயில், உறங்கிக்கொண்டிருந்த சங்கர் குஹா நியோகி சுடப்பட்டார். அந்த வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் கூலிக்குச் சுட்டவனைத் தண்டித்தது. குற்றம் சாட்டப்பட்டிருந்த தொழிலதிபர்கள் விடுவிக்கப்பட்டனர். தொழிற்பேட்டையில் துப்பாக்கி நுழைந்தால் அதன் குழல் எந்தத் திசையில் திரும்பும் என்பதற்கு இவற்றைவிட வேறு சான்று தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் உரிமை இல்லை. அரசு நிபந்தனையோடு வழங்கும் அனுமதி மட்டுமே. 2019 திருத்தத்திற்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமத்தில் குறித்த எல்லைக்கு வெளியே அதை எடுத்துச் செல்லவும் கூடாது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் உரிமத்தை வைத்துக்கொண்டு, ஆரம்பாக்கத்தைத் தாண்டித் தடாவுக்குள் துப்பாக்கியோடு நுழைபவர் சட்டத்தை மீறியவராவார். மாநில எல்லையில் அமைந்த ஸ்ரீ சிட்டி போன்ற இடத்தில் இது சிறு செய்தி அன்று.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. மாவட்ட ஆட்சியரின் தனி அனுமதி இன்றி, திருவிழாச் சந்தைக்கோ, சமய ஊர்வலத்துக்கோ, பொதுமக்கள் திரளும் கூட்டத்துக்கோ, கல்வி நிலைய வளாகத்துக்கோ உரிமதாரர் ஆயுதம் எடுத்துச் செல்லக் கூடாது. இந்தப் பட்டியலில் பள்ளி இருக்கிறது, தேர்த்திருவிழா இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் கூடி உழைக்கும் ஆலை இல்லை. அதனால் ஆலைக்குள் துப்பாக்கி வரலாமா என்பது நிர்வாகத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. தடை விதிப்பவரும் அவரே, விலக்கு அளிப்பவரும் அவரே.

இத்தகைய இடைவெளி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்கா எடுத்துக்காட்டு. 2002இல் ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு காகித ஆலை, வாகன நிறுத்தத்தில் நின்ற கார்களில் துப்பாக்கி வைத்திருந்த தொழிலாளர்களைப் பணிநீக்கம் செய்தது. துப்பாக்கி ஆதரவாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டனர். பூட்டிய வாகனத்தில் துப்பாக்கி வைத்திருப்பதை நிறுவனங்கள் தடுக்கக் கூடாது என்று 2004இல் அம்மாநிலம் சட்டம் இயற்றியது. பணியிடப் பாதுகாப்புச் சட்டத்துக்கு இது முரணானது என்று கீழ் நீதிமன்றம் கூறியது. ஆனால் 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. பணியிடத்தில் துப்பாக்கி குறித்துப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தனி விதிமுறை எதுவும் இல்லை என்பது அது காட்டிய முக்கியக் காரணம். சொத்துரிமைக்கும் துப்பாக்கி உரிமைக்கும் இடையிலான வழக்கில், அடுத்த இயந்திரத்தில் நிற்கும் தொழிலாளி உயிரோடு வீடு திரும்பும் உரிமை, சட்டத்தில் எழுதப்படாத காரணத்தால் தோற்றது.

இங்கேயும் அது எழுதப்படவில்லை. அதற்கு மேல், இருந்த சிறு பிடிமானமும் பறிக்கப்பட்டிருக்கிறது. நிலையாணைகளின் வரைவு குறித்துச் சான்றளிக்கும் அலுவலர் முன்பு தொழிற்சங்கம் தன் ஆட்சேபத்தை வைக்க முடியும். 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு நடைமுறைப்படுத்தியுள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, நிலையாணைகளுக்கான வரம்பை 100 தொழிலாளர்களிலிருந்து 300ஆக உயர்த்திவிட்டது. அதற்குக் குறைந்த ஆலைகளில் முதலாளியின் வாய்மொழியே விதி. எது ஆயுதம் என்பதையும் அவரே முடிவு செய்வார். செங்கொடி கட்டிய கம்பும், பழுது பார்ப்பவரின் ஸ்பேனரும் ஒழுங்கு நடவடிக்கைக் கடிதத்தில் 'ஆயுதம்' ஆகிவிடக்கூடிய நிலை இது.

வாயிலில் நிற்கும் காவலாளியையும் நாம் மறந்துவிடக் கூடாது. இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், சொந்தப் பெயரில் உரிமமும் சொந்தத் துப்பாக்கியும் இருப்பதாலேயே காவல் நிறுவனங்களில் வேலை பெறுகிறார். தற்காப்புக்கென வாங்கிய உரிமம் முதலாளியின் சொத்தைக் காக்கப் பயன்படுகிறது. ஆபத்து நேர்ந்தால் வழக்கு அவர் மீது; இலாபம் காவல் நிறுவனத்துக்கு. அவரும் ஒப்பந்தத் தொழிலாளியே. தொழிலாளிக்கு எதிராக அவரை நிறுத்துவது முதலாளியின் தந்திரம். அவரையும் சங்கத்துக்குள் கொண்டுவருவது நமது கடமை.

செய்ய வேண்டியது என்ன? முதலாவதாக, பணியிடத்தில் ஆயுதத் தடையை மாநில அரசுகள் தொழிலகப் பாதுகாப்பு விதிகளில் சேர்க்க வேண்டும். பணியிடம் எது என்பதற்குப் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வழிகாட்டுகிறது: வேலை தருபவர் ஏற்பாடு செய்யும் போக்குவரத்தும் அதில் அடங்கும். அவ்வாறே ஆலை, உணவகம், விடுதி, பேருந்து, வாகன நிறுத்தம் அனைத்துக்கும் தடை பொருந்த வேண்டும். முதலாளி, மேலாளர், ஒப்பந்ததாரர், விருந்தினர் எவருக்கும் விலக்கு கூடாது.

இரண்டாவதாக, உரிம நிபந்தனையில் கல்வி நிலையத்தோடு தொழிலகத்தையும் சேர்க்க வேண்டும். வாயில் கூட்டமும் மக்கள் திரளும் கூட்டமே. அங்கே துப்பாக்கியோடு நிற்பவரின் உரிமத்தை இரத்து செய்யக் கோரி ஆட்சியரிடம் மனுச் செய்ய இப்போதே இடமுண்டு. மூன்றாவதாக, பணம் காக்கும் பணி போன்ற தவிர்க்க முடியாத இடங்களில் மட்டும் ஆயுதக் காவல் இருக்கட்டும். ஆயுதம், பயிற்சி, காப்பீடு ஆகிய செலவும் பொறுப்பும் வேலை தருபவருடையதாக இருக்கட்டும். நான்காவதாக, எவை ஆயுதம் என்பது தெளிவாக வரையறுக்கப்பட வேண்டும். சோதனை மாண்போடு நடக்க வேண்டும். பெண்களைப் பெண்களே சோதிக்க வேண்டும்.

வேலையுலகில் வன்முறையை ஒழிப்பதற்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆவது உடன்படிக்கை 2021 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. அதை ஏற்கச் செய்வதும் இந்தப் போராட்டத்தின் ஒரு பகுதியே.

தொழிலாளி கேட்பது துப்பாக்கி ஏந்தும் உரிமையை அன்று. துப்பாக்கி இல்லாத பணியிடத்தை. அவரது வலிமை அவரது ஒற்றுமையில் இருக்கிறது. அதற்கு உரிமம் தேவையில்லை. திருவள்ளூர், திருப்பதி மாவட்டங்களின் தோழர்கள் மாநில எல்லையைக் கடந்து கூட்டாக இக்கோரிக்கைகளை ஒவ்வொரு ஆலை வாயிலுக்கும் கொண்டு செல்ல வேண்டும். தொழிலாளியின் பையைத் திறக்கும் விதி, முதலாளியின் கார்க் கதவையும் திறக்கட்டும்.